நாற்பது மீட்டர்

ஊரில் அவரை எல்லோரும் ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அவர் மின்சார வாரியத்தில் கணக்கெடுக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டு, “சார், எங்க வீட்டுப் பெட்டியைக் கொஞ்சம் வந்து பாருங்க” என்று கையைப் பிடித்து இழுத்ததும் உண்டு. அவர் வேலை பார்த்தது துப்பாக்கிக் கடையில். கடைக்குள் யார் கால் வைத்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

“எத்தனை மீட்டர்?”

எந்தக் கம்பெனி, எவ்வளவு செலவாகும் என்ற பேச்சை அவர் எடுக்கவே மாட்டார். எவ்வளவு தூரத்தில் இருப்பதைச் சுடப் போகிறீர்கள் என்பது தெரியாமல் அலமாரிக் கதவைத் திறக்க மாட்டார். வந்தவர் பதில் தெரியாமல் விழித்தால், தோளில் கைபோட்டு வாசலுக்கு அழைத்து வருவார். கடைத் தெருவே அவருக்கு அளவுகோல். எதிர்ச்சாரி மருந்துக்கடைப் பலகை அறுபது மீட்டர். தபால் பெட்டி நூற்றிப் பத்து. தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி சரியாக முந்நூறு. “இதுல எது உங்க தூரம்?” என்பார். முக்கால்வாசிப் பேர் தண்ணீர்த் தொட்டியைக் கை காட்டுவார்கள். இன்னும் நாலு கேள்வி கேட்டால் அவர்கள் மருந்துக்கடைக்கு இறங்கி வருவார்கள்.

அந்தக் கடையை நடத்தியவர் ஒரு பெண்மணி. புருஷன் போன பிறகு கடையை விற்றுவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, “துப்பாக்கி இருக்கிற இடத்துல வந்து எனக்குப் புத்தி சொல்றீங்களா?” என்று கேட்டு அனுப்பியவர். முதலாளியம்மாவுக்கு மீட்டர் மேல் மரியாதையும் எரிச்சலும் சரிசமமாக இருந்தன. துப்பாக்கிமேல் பொருத்திக் குறிபார்க்கிற தொலைநோக்கியான ஸ்கோப்பில் பெரிசு கேட்டு வந்தவனிடம் சின்னதே போதும் என்று சொல்லி அனுப்புகிற ஆளை எந்த முதலாளிக்குத்தான் முழுசாகப் பிடிக்கும்? ஆனால் அவர் பொருத்திக் கொடுத்த ஸ்கோப் ஒன்றுகூடக் குறி பிசகியது என்று திரும்பி வந்ததில்லை.

துப்பாக்கிக்கு வருவதற்கு முன் அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமும் அங்கேதான் முடிவானது. ஒருநாள் பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு போட்ட ஒரு விவசாயி, தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று கடையில் கண்ணாடி போட்டும் தனக்குத் தலைவலி தீரவில்லை என்றார். இவர் அளந்து பார்த்து, வில்லையின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேராக இல்லாததுதான் கோளாறு என்று கண்டுபிடித்துப் புதிதாகத் தேய்த்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பெரியவர் தெருவைப் பார்த்தார், கூரைகளைப் பார்த்தார், கடைசியில் இவர் முகத்தைப் பார்த்தார். “இவ்வளவு நாளா பாதி உலகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன் தம்பி” என்றார். அடுத்த மாதமே பெண் கொடுக்கப் பேச்சு வந்தது.

மாமனாருக்கும் மருமகனுக்கும் அப்படி ஓர் ஒட்டுதல். “எனக்குக் கிட்டப் பார்வை, என் மாப்பிள்ளைக்குத் தூரப் பார்வை. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு மனுஷன்” என்று பெரியவர் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். மீட்டரின் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டவர். அப்பா என்று கூப்பிட ஆள் இல்லாத குறையை மாமா என்கிற வார்த்தையை வைத்தே அவர் தீர்த்துக்கொண்டார்.

பெரியவருக்குக் காட்டோரம் எட்டு ஏக்கர் மக்காச்சோளம். மனைவி இல்லை. கூட இருந்தது கல்யாணம் ஆகாத மகன், அதாவது மீட்டரின் மச்சினன். முப்பது வயது, நல்ல உழைப்பாளி. எதையும் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் கொஞ்சம் கூடுதல். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் காட்டுப் பன்றிகள் கூட்டமாக இறங்கிவிடும். ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் தரைமட்டம். பெரியவர் எண்ணெய் டிரம்மைக் கட்டையால் தட்டி விரட்டிக்கொண்டிருந்தார். “பன்னிங்களுக்கு இப்ப என் தாளம் பழகிடுச்சு மாப்பிள்ளை. தட்டுறதை நிறுத்தினாத்தான் நிமிர்ந்து பாக்குதுங்க” என்று அவரே சொல்லிச் சிரித்தார். மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. அலைந்து திரிந்து பன்றி சுடும் உரிமம் வாங்கினான். ஒரு நாள் காலை நேராகக் கடைக்கு வந்து நின்றான்.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில் சண்டை வரவில்லை. ஸ்கோப்பில்தான் வந்தது.

“எத்தனை மீட்டர்?” என்றார் மீட்டர், வழக்கம்போல.

“அத்தான், என்கிட்டயுமா? உங்களுக்குத் தெரியாத தோட்டமா?”

“தெரியும். அதனாலதான் கேக்குறேன். வரப்புல நின்னா வேலி அறுபது மீட்டர். சோளத்துக்குள்ள நாப்பது. அதுக்கு மேல உனக்கு எதுவுமே தெரியாது.” சொல்லிக்கொண்டே ஒரு சின்ன ஸ்கோப்பைப் பச்சைத் துணிமேல் வைத்தார். “இது போதும். ஒண்ணரைலேர்ந்து அஞ்சு பவர், அஞ்சு மடங்கு வரைக்கும் பெரிசாக் காட்டும். கிட்டத்துல அகலமாக் காட்டும். பன்னியும் தெரியும், பன்னிக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னும் தெரியும். இருட்டுற நேரத்துல வெளிச்சமாவும் இருக்கும்.”

மச்சினன் அதை விரலால் உருட்டினான். “இது பொம்மை மாதிரி இருக்கு அத்தான். மேட்டுத் தோட்டக்காரன் பதினாறு பவர் வெச்சிருக்கான். எதிர் மலைச்சரிவுல நிக்கிற பன்னியோட காது மயிரை எண்ணலாம்.”

“அவனுக்கு எதிர்ல மலைச்சரிவு. உனக்கு எதிர்ல சோளம். பதினாறு பவர்ல நாப்பது மீட்டரைப் பாத்தா சாவித் துவாரம் வழியா யானையைப் பாக்குற மாதிரி. தோலு தெரியும், யானை தெரியாது.”

“நாளைக்கு நானும் சரிவுல நின்னு சுட வேண்டி வந்தா?”

“நாளைக்கு வா, நாளைக்குத் தரேன்.”

இப்படியே ஒரு மணி நேரம் போனது. நடுவில் துப்பாக்கிப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிற கல்லூரிப் பெண் ஒருத்தி தோட்டா வாங்க வந்தாள். ஐம்பது மீட்டர் போட்டி, சின்னத் தோட்டா. ஒரே கம்பெனியாக இருந்தாலும் ஒரே நாளில் செய்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குறி ஒரு மயிரிழை தள்ளும். மீட்டர் அவளுக்காகவே ஒரே வரிசை எண் போட்ட பெட்டிகளை ஒதுக்கி வைத்திருந்தார். அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனாள். “பாத்தியா, சொன்னா கேக்குற பிள்ளை” என்றார். மச்சினன் முகம் சுண்டிவிட்டது. அந்தப் பேச்சைப் பேசியிருக்கக் கூடாது என்று பிற்பாடு பல தடவை நினைத்து நொந்துகொண்டார். அதோடு அவன் பிடிவாதம் இறுகிப்போனது.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் குவித்திருந்தாள். தோளில் அளவு நாடா தொங்கியது.

“தம்பி போன் பண்ணினான். கடையில வெச்சு அவனைச் சின்னப் பிள்ளையாக்கிட்டீங்களாமே?”

“அவனுக்கு எது தேவையோ அதைச் சொன்னேன்.”

“ஏங்க, அவன் பிறந்ததுலேர்ந்து ஆசைப்பட்டுக் கேட்டது எத்தனை? அம்மா போனப்ப எட்டு வயசு. எல்லாத்துக்கும் சரி சரின்னு வளர்ந்தவன். ஊர்ல எல்லாருக்கும் பெரிசு கொடுக்குற கடையில, சொந்த அக்கா புருஷன் மட்டும் சின்னதைக் கொடுத்தா அவனுக்கு எப்படி இருக்கும்? ஆசைப்பட்டதைக் கொடுத்துடுங்களேன். எனக்காக.”

எனக்காக என்று அவள் சட்டென்று சொல்கிறவள் இல்லை. நாலிலிருந்து பதினாறு வரை மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்கோப் ஒன்று இருக்கிறது, நாலில் வைத்தால் சோளத்துக்குள்ளும் ஒருவாறு சமாளிக்கலாம் என்று மீட்டர் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாள் அதைத்தான் பொருத்தினார். வளையங்களை இறுக்கி, மட்டம் பார்த்து, சுடுதளத்துக்கு எடுத்துப்போய் இருபது தோட்டா செலவழித்து, ஐந்து குண்டும் ஒரு நாணயத்துக்குள் அடங்கும் வரை திருகைத் திருகினார். தோட்டாவையும் அவரே தேர்ந்தெடுத்தார். முனை மிருதுவானது, கனமானது, உடம்புக்குள் விரிந்து நின்றுவிடக்கூடியது. துளைத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகாது.

பவர் வளையத்தில் நாலு என்ற எண்ணுக்கு நேராக வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்தார்.

“சோளத்துக்குள்ள போறப்ப இந்தப் பொட்டு மேல இருக்கணும் மச்சான். எப்பவும். மறந்துடாதே.”

“பொட்டு வெச்சுப் பொண்ணு மாதிரி அனுப்புறீங்க” என்று மச்சினன் சிரித்தான். சமாதானமாகிவிட்டான். போகும்போது, “அத்தான், நான் கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன்” என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஏழு வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை. மூன்று பன்றி விழுந்தது. பெரியவருக்குத் துப்பாக்கி பிடிக்கவில்லை. ஆனால் சோளம் நின்றதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

எட்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மீட்டர் கடையில் ஸ்கோப் துடைக்கிற துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. மச்சினன்.

“அத்தான்.” அவ்வளவுதான். அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம்.

“என்னடா? சொல்லு.”

“பன்னின்னு நெனச்சேன் அத்தான். சத்தியமா பன்னின்னு நெனச்சேன்.”

முதலாளியம்மா தன் காரிலேயே அவரைக் கொண்டுபோய் விட்டார். வழியில் மனைவியையும் ஏற்றிக்கொண்டார்கள். அப்பாவுக்கு அடிபட்டிருக்கிறது என்று மட்டும்தான் அவளிடம் சொல்ல முடிந்தது. அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தையல் ஊசி குத்திய ரவிக்கையோடேயே வந்திருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். காட்டோர வேலியில் ஓர் இடத்தில் கம்பி தொய்ந்திருப்பதைப் பெரியவர் மதியமே பார்த்திருந்தார். சாயங்காலம் மகன் மேற்கே போயிருக்கிறான் என்று நினைத்து, கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு சோளத்துக்குள் இறங்கினார். குளிருக்கு அந்தப் பழுப்புக் கோட்டு. குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். மேற்கே போன மகன் பாதியிலேயே திரும்பியிருந்தான். பயிர் அசைவதைக் கண்டான். மண்டியிட்டு ஸ்கோப்பில் கண் வைத்தான். வட்டம் நிறையப் பழுப்பு முடி. அது மெல்ல அசைந்தது. சுட்டான்.

மீட்டர் போனபோது பெரியவர்மேல் யாரோ ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். கண்ணாடி உடையாமல் வரப்பில் கிடந்தது. மச்சினன் பத்தடி தள்ளி, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் அப்பாவிடம் போகவில்லை. நேரே தம்பியிடம் போய் அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவன் போட்ட ஓலத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் எல்லாம் தள்ளிப் போய்விட்டார்கள். பெரியவர் பக்கத்தில் மீட்டர் மட்டும்தான் உட்கார்ந்தார். கோட்டுக் கைக்கு வெளியே தெரிந்த விரல்களில் இன்னும் கம்பித் துரு இருந்தது. அதைத் துடைத்துவிட வேண்டும்போல இருந்தது. யாரும் எதையும் தொடக் கூடாது என்று ஒருவர் சொன்னார். கையை எடுத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் விசாரணை அதிகாரி ஆள் அனுப்பினார். அந்த வட்டாரத்தில் ஸ்கோப் பற்றித் தெரிந்தவர் மீட்டர் ஒருவர்தான். அவர் உறவுக்காரர் என்பதால் வெளியூரிலிருந்து இன்னொருவரையும் வரவழைத்துக் கூட வைத்துக்கொள்ளலாம், ஆனால் பொருத்திய ஆள் கையாலேயே துப்பாக்கியைச் சோதித்து எழுதித் தர வேண்டும் என்றார். மறுநாள் காலை வரச் சொன்னார்.

செய்தி கேட்ட மனைவி அன்று சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

“கோளாறுன்னு எழுதுங்க.”

“என்ன கோளாறு?”

“எனக்கென்ன தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும். குறி தள்ளியிருக்குன்னு எழுதுங்க. வேற எங்கயோ பாத்துச் சுட்டான், குண்டு அங்க போயிடுச்சுன்னு எழுதுங்க. ஒரு வார்த்தை. அப்பா போயாச்சு. தம்பியையும் கொடுக்கச் சொல்றீங்களா?”

அவர் தரையில் கிடந்த நூல் துண்டைப் பொறுக்கி விரலில் சுற்றினார்.

“வாயைத் திறங்க. எல்லார்கிட்டயும் எத்தனை மீட்டர்னு கேக்கத் தெரியுது இல்ல?”

“பாக்கறேன்” என்றார். கோளாறு இருந்தால் நன்றாக இருக்குமே என்று அவர் மனசும் அடித்துக்கொண்டது. ஒரு திருகு தளர்ந்திருக்கட்டும், வளையம் ஒரு பக்கம் நெகிழ்ந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே மறுநாள் சுடுதளத்துக்குப் போனார்.

துப்பாக்கியைத் துணியில் சுற்றி முத்திரை வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். முத்திரையைப் பிரித்ததும் அவர் கண் முதலில் பவர் வளையத்துக்குத்தான் போனது. வெள்ளைப் பொட்டு கீழே போய் மறைந்திருந்தது. மேலே பதினாறு.

நாற்பது மீட்டரில் அட்டையைக் குத்தினார்கள். மீட்டர் மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து ஐந்து குண்டு சுட்டார். வெளியூர்க்காரர் நடந்துபோய் அட்டையை எடுத்துவந்தார். ஐந்து ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடுகிற அளவில் இருந்தன. “அருமையாப் பொருத்தியிருக்கீங்க” என்றார் அவர், தொழில்காரருக்குத் தொழில்காரர் சொல்கிற மாதிரி. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

மீட்டர் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தன் கைவேலை ஒரே ஒரு தடவை, ஒரு சாண் பிசகியிருந்தால் மாமா இன்று வேலிக் கம்பியைத் திட்டிக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்திருப்பார். இருபது வருஷமாக ஊரே மெச்சிய கை.

அதிகாரி இன்னொன்றும் கேட்டார். சுட்டவன் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? மீட்டருக்குத் துப்பாக்கியை மனுஷன் பக்கம் திருப்ப மனமில்லை. ஸ்கோப்பை மட்டும் தனியாகக் கழற்றினார். ஒரு காவலர் பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்பது மீட்டரில் புல்லுக்குள் குனிந்து நின்றார். மீட்டர் பதினாறில் வைத்துப் பார்த்தார். வட்டத்துக்குள் பழுப்பு மட்டும்தான். கலங்கலாக, ரோமம் மாதிரி, மெல்ல அசைகிற பழுப்பு. தலை எங்கே, கால் எங்கே என்று தேடக்கூட இடம் இல்லை. கண்ணை எடுக்காமலே வளையத்தை நாலுக்குத் திருப்பினார். வட்டம் விரிந்தது. குனிந்திருந்த மனுஷன் முழுசாகத் தெரிந்தார். பூட்ஸ் தெரிந்தது. காதைச் சொறிந்துகொள்வது தெரிந்தது. இன்னும் எவ்வளவு நேரம் என்று அலுத்துக்கொள்கிற முகம் தெரிந்தது.

மீட்டர் ஸ்கோப்பைத் துணியில் வைத்தார். மணல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

அறிக்கையை அங்கேயே எழுதினார். கருவியில் குறை எதுவும் இல்லை. குறி சரியாக உள்ளது. சம்பவத்தின்போது பவர் பதினாறில் இருந்தது. இந்தத் தூரத்துக்கு அது பொருந்தாது. இதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே இன்னொரு வரி சேர்த்தார்: ‘இந்த இடத்துக்கு இந்த ஸ்கோப் ஏற்றதல்ல என்பது விற்ற எனக்கு விற்கும்போதே தெரியும்.’

அதிகாரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “இது தேவையில்லையே. உங்க மேல யாரும் கேஸ் போடல.”

“இருக்கட்டும் சார்.”

“சட்டப்படி இதனால எதுவும் ஆகாது.”

“தெரியும். இருக்கட்டும்.”

வழக்கு ஏழு மாதம் நடந்தது. மச்சினன் எதையும் மறுக்கவில்லை. “நான்தான் பவரை ஏத்தி வெச்சேன். முந்தின நாள் மலையில ஒரு பருந்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். இறக்க மறந்துட்டேன்” என்று நீதிபதியிடம் சொன்னான். ஒன்றரை வருஷம் சிறை. தீர்ப்பு வந்த அன்று மனைவி ஒரு பெட்டியில் துணிகளை அடுக்கினாள். தையல் மெஷினை வண்டியில் ஏற்றினாள். “தோட்டத்தை யாராவது பாக்கணும்” என்றாள். அதுதான் அவள் சொன்ன காரணம். அவர் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துக் கொடுத்தார்.

அந்த மாதமே மீட்டர் கடையை விட்டார். முதலாளியம்மா அவரை விட மனசில்லாமல் வாசல் வரை வந்தார். “விக்கிறது நம்ம வேலை, மீட்டர். சுடுறது அவங்க வேலை. எல்லார் பாவத்தையும் நீ தோள்ல போட்டுக்கிட்டா நடக்க முடியாது.”

“எல்லார் பாவமும் இல்லம்மா. இது ஒண்ணுதான்.”

அரசாங்கக் கண் ஆஸ்பத்திரியில் வில்லை பொருத்துகிற வேலை கிடைத்தது. பழைய வேலை. கையும் மறக்கவில்லை. நாள் முழுக்க வயசானவர்கள் வருவார்கள். கண்ணாடியை மாட்டிவிட்டு, “எழுத்து தெரியுதா?” என்று கேட்பார். அங்கே அவரை யாரும் மீட்டர் என்று கூப்பிடவில்லை.

அந்தச் சாவில் அவரும் ஓர் அப்பாவைப் பறிகொடுத்தவர்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மனைவியிடம் போனார்கள், சிறையில் இருக்கிறவனுக்காக இரக்கப்பட்டார்கள். இவரிடம் வந்தவர்கள், “எப்படிங்க நடந்துச்சு?” என்று விவரம் கேட்டுக்கொண்டு போனார்கள். பெரியவர் நினைவு வரும்போதெல்லாம், அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றும். முகத்தைக் கழுவிக்கொள்வார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனார். மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவர் களை எடுப்பார், வேலியைப் பார்ப்பார். மதியம் ஒரு தட்டில் சாப்பாடு வைத்துவிட்டு அவள் மெஷினுக்குப் போய்விடுவாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சிறைக்குப் போனார். முதல் மூன்று தடவை மச்சினன் பார்க்க வரவில்லை. நாலாவது தடவை வந்தான். பாதியாக இளைத்திருந்தான்.

“எதுக்கு வரீங்க அத்தான்?”

“சும்மாதான். சாப்பிடறியா?”

“ம்.” கம்பி வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “அந்தக் கடைசி வரியை எதுக்கு எழுதினீங்க? கோர்ட்டுல படிச்சப்ப எனக்கு ஆத்திரமா வந்துச்சு. எனக்குன்னு இருக்கறதே இந்தப் பழி ஒண்ணு. அதுலயும் பங்கு கேட்டு வந்துட்டீங்களேன்னு.”

“தெரிஞ்சே கொடுத்தேன்டா.”

“பொட்டு வெச்சுக் கொடுத்தீங்க.” அவன் கம்பி வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டான். “தினமும் பொட்டைப் பாத்துட்டுத்தான் போவேன் அத்தான். அன்னிக்கு ஒரு நாள்தான்.”

நேரம் முடிந்தது என்று காவலர் சொல்லும் வரை எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவன் வராமல் இருந்ததில்லை.

தோட்டத்தில் அடுத்த விளைச்சலைப் பன்றிகள் பாதிக்குமேல் தின்றன. டிரம் தட்டவும் ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாய்ந்து கிடந்த சோளத்தட்டைகளை இரண்டு பேரும் வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி திடீரென்று அரிவாளைக் கீழே போட்டாள்.

“நான்தானே கொடுக்கச் சொன்னேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க முடியாதுன்னுதான் சொன்னீங்க. எனக்காகன்னு நான்தானே கேட்டேன். அதை ஏன் எழுதல? யார்கிட்டயும் ஏன் சொல்லல? கோர்ட்டுல உங்களைக் கூப்பிட்டப்ப, இப்ப சொல்லிடுவாரு இப்ப சொல்லிடுவாருன்னு நடுங்கிக்கிட்டே உக்காந்திருந்தேன். நீங்க சொல்லல. அப்புறம் உங்க மூஞ்சியைப் பாக்கவே முடியல என்னால.”

“அது ஸ்கோப்பைப் பத்தின அறிக்கை” என்றார் அவர்.

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் புரியவில்லை. அழுதுகொண்டுதான் இருந்தாள். அவள் அப்பா செத்த நாளிலிருந்து அவர் கண்ணெதிரே அவள் அழுதது, கோளாறு என்று எழுதச் சொன்ன அந்த ஒரு சாயங்காலம்தான். இப்போது தட்டைக் குவியல்மேல் உட்கார்ந்து, வாய்விட்டு, அப்பா அப்பா என்று அழுதாள். மீட்டரும் பக்கத்தில் உட்கார்ந்தார். “மாமா” என்று ஒரு தடவை சொன்னார். அவ்வளவு நாள் அடக்கி வைத்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தையோடு வெளியே வந்தது. அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பழைய மாதிரி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து இரண்டு தட்டு போட்டாள்.

மச்சினன் வெளியே வந்ததும் நேராகத் தோட்டத்துக்கு வந்தான். மூன்று நாள் இருந்தான். சோளப் பக்கம் போகவே இல்லை. நாலாம் நாள், “இங்க என்னால முடியாதுக்கா” என்றான். நீண்ட தூரம் ஓடுகிற லாரி ஒன்றில் வேலை தேடிக்கொண்டான். கல்யாணப் பேச்சு எடுத்தால் போனை வைத்துவிடுவான். ஒவ்வொரு வாரமும் எங்கிருந்தாவது கூப்பிடுவான். மழை உண்டா, அக்கா உடம்பு எப்படி, அத்தான் சாப்பிடுகிறாரா என்று கேட்பான். அப்பா என்ற சொல்லை அவன் வாயிலிருந்து பிறகு யாரும் கேட்கவில்லை. தோட்டத்தை அவன் சம்மதத்தோடு குத்தகைக்கு விட்டார்கள். மனைவி மெஷினோடு டவுனுக்குத் திரும்பி வந்தாள்.

பெரியவர் செத்த அந்த நாள் வருஷா வருஷம் வரும். மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார்கள். மச்சினன் அன்று எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் இருப்பான். மனைவி யாரிடமும் தைக்கத் துணி வாங்க மாட்டாள். மீட்டர் ஆஸ்பத்திரிக்குப் போய், நாள் முழுக்க வில்லை தேய்த்துவிட்டு வருவார். ஆறாவது வருஷம், அவருக்கு ஐம்பத்தெட்டு நடந்தபோது, அந்த நாள் காலையில் மனைவி அவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

“இன்னிக்கு லீவு சொல்லிடுங்க. அப்பாவைப் போய்ப் பாத்துட்டு வரலாம்.”

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். அடக்கம் செய்த இடத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து பிடுங்கினார்கள். நல்ல வெயில். மனைவி கொண்டுவந்திருந்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவரிடம் நீட்டினாள். திரும்பும் வழியில் பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. நிழலுக்காக ஒரு சுவரோரம் நின்றார்கள்.

“அடுத்த தடவை தம்பியையும் வரச் சொல்லணும்” என்றாள் அவள்.

“வருவானா?”

“தெரியல. கேட்டுப் பாக்கலாம்.”

பஸ் வந்தது. கூட்டம். ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அவளை உட்கார வைத்துவிட்டு, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.